ஜன்னலில் வெயில் அடிக்கும் படம்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் முத்தாயி, மனு எழுதிக்கொள்ள என்னிடம் வந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் அவள் மகள் பஞ்சாலை தவறிவிட்டாள். "போதும் படிச்சது, புல்லு வெட்டப் போகட்டும்" என்று அப்பன் நல்லசாமி சொல்லிவிட்டான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அவளை இன்னொரு தரம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே மனு. எழுதிக் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை கேட்பதாகப் பதிலும் வந்தது.

மனு சுலபமாக வந்தது. கதைதான் வர மாட்டேன் என்கிறது.

2

முதல் தொடக்கம்: முத்தாயி அடுப்பை ஊதிக்கொண்டு...

(அடித்துவிட்டேன். அவளை அடுப்பருகே நான் பார்த்ததே இல்லை. என்னிடம் வந்தபோது விரலெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு ஏன் என் பேனா அடுப்புக்குப் போயிற்று?)

இரண்டாம் தொடக்கம்: பெரட்டு* மணி அடித்ததும் முத்தாயி கத்தியோடு...

* ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. விடியுமுன்பே நடக்கும்.

3

பரீட்சையில் நடந்தது இது. பாடப் புத்தகத்தில் ஒரு படம்: அடுப்பருகே ஒரு பெண், ஜன்னலில் வெயில், குடையோடு வெளியே போகும் ஓர் ஆண். கீழே இருந்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அம்மா என்ன செய்றாங்க?"

"அவங்களுக்குக் காச்சல், சார்."

"என்னது?"

"வெயில் வந்திருச்சுல்ல. காச்சல் இல்லாட்டி வெட்டுக்குப் போயிருப்பாங்க."

"சரி, அப்பா?"

"அது அப்பா இல்ல சார். கொடை வச்சிருக்காரே, ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஐயா."

'அம்மா சமைக்கிறாள்' என்று மனப்பாடம் செய்திருந்த வகுப்பே சிரித்தது. எதற்கென்று பஞ்சாலைக்கு விளங்கவில்லை.

4

இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. தோட்டத்தையே பார்க்காமல் புத்தகம் எழுதியவரைத் திட்டி, 'பஞ்சாலை தன் தாய் சமைத்துப் பார்த்ததே இல்லை' என்று முடித்திருந்தேன். முத்தாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப சோறு தன்னால வேகுதாக்கும்?" என்றாள்.

"நல்லசாமி ஆக்குவதில்லையா?"

"அவரா! அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க, பாப்போம். பெரட்டுக்கு முந்தி இருட்டுல நாந்தான் ஆக்கி வைக்கிறேன். அந்திக்கும் அதே சோறுதான். புள்ள தூங்குது, அதுக்கென்ன தெரியும்?"

"நீ சொன்னதில்லையா?"

"சோறாக்குறதப் போயி யாராச்சும் சொல்லிக்கிட்டிருப்பாங்களா?"

பத்தியை அடித்தேன். புத்தகம் கத்தியை மறைத்தது. பிள்ளையின் தூக்கம் அடுப்பை மறைத்தது. நானோ இரண்டு தொடக்கத்திலும் அவளைப் பாதிப் பாதியாக... இதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.

5

முடிவு அ: 'அம்மா சமைக்கிறாள்' என்று ஒப்பித்துத் தேறுகிறாள். அந்த வெயிலை இனிக் கவனிக்க மாட்டாள்.

முடிவு ஆ: காய்ச்சல்தான் என்று சாதிக்கிறாள். புல் வெட்டப் போகிறாள். இருட்டில் எழுந்து சோறாக்கவும் பழகிக்கொள்கிறாள்.

[ஆ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதை எழுதத்தான் கை சுலபமாக ஓடியது.]

முடிவு இ: வியாழக்கிழமை இருட்டிலேயே முத்தாயி மகளை உலுக்கி எழுப்பி அடுப்பருகே உட்கார வைக்கிறாள். "பாரு. வேற ஒண்ணும் வேணாம்." சோறு வேகிறது. மணி அடிக்கிறது. தாய் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

வெள்ளிக்கிழமை. அதே படம், அதே வெயில்.

"அம்மா என்ன செய்றாங்க?"

பஞ்சாலை படத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"எப்ப, சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் பென்சிலை எடுத்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். சரியா, தப்பா, நீங்களே போடுங்கள். சீக்கிரம், நல்லசாமி புல்லுக் கத்தியோடு வாசலில் நிற்கிறான்.