கையால் திருகிய நட்டு

அந்த நாலு சக்கரக் குட்டி பைக் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஜெயாவுக்கு அதைக் கண்டால் பயம். அவள் புருஷன் ராஜாங்கம் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்ப்பவன். அங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போகும்போது, எங்கள் பையன் வளர்ந்துவிட்டான், இனி உங்கள் பெண் ஓட்டட்டும் என்று அதை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனது. அவனோ யானையையே பரிசாக வாங்கினவன் போல மினி லாரியில் நின்றுகொண்டே வந்து இறங்கினான்.

எட்டு வயது அருள்மொழி அன்றைக்கே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜெயா மகளின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"வண்டிக்கு எதுனா ஆச்சு, தோல உரிச்சிடுவேன். கால்வா பக்கம் போவவே கூடாது. புரிஞ்சுதா?"

ஜெயாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். போன டிசம்பரில் கடல் பொங்கி கால்வாய்க்குள்ளும் ஏறியதிலிருந்து, அந்தக் கரை என்றாலே அவளுக்குப் பயம். அதைப் பிள்ளையிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே வழி காதைத் திருகுவதுதான்.

மரக்காணத்து உப்பளத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆண்கள் செய்கிற வேலை. முதலில் சிரித்தவர்கள் எல்லாம் அவள் வாய்க்குப் பயந்து அடங்கிவிட்டார்கள். அதனால் குட்டி வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ராஜாங்கம் நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டான்.

"நீதான் என்ஜின்காரியாச்சே, மாத்திடேன்" என்றான். முன்சக்கர பிரேக் கேபிள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்து ரெண்டு மாதமாகிறது. அதை மாற்றுவது மட்டும் அவன் பொறுப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அந்தப் பொறுப்பு தள்ளிக்கொண்டே போனது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த மே மாதம். சாயங்காலம் ஜெயா வண்டியை என்ஜின் கொட்டகை வாசலில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தாள். ஆயில் இளகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். அடியில் பழைய தகரத்தட்டை வைத்து, ஆயில் வடிக்கும் அடி நட்டைக் கழற்றினாள். கறுப்பு ஆயில் கடைசிச் சொட்டு வரை வடிந்தது. நட்டையும் வாஷரையும் துணியால் துடைத்து, திரும்பக் கையால் திருகி வைத்தாள். புது ஆயிலை ஊற்றி, அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தாள். கோட்டுக்குச் சரியாக நின்றது. பெரிய மெக்கானிக் கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான் என்று அவளுக்குப் பெருமைதான்.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் மாற்றினால் அடி நட்டை முதலில் கையால் மட்டும்தான் திருகுவார்கள். என்ஜினை ஓடவிட்டு, சூடேறிய பிறகே ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். குளிர்ந்த இரும்பை இறுக்கினால் உப்புக்காற்றுக்கு அப்படியே பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை கழற்ற வராது என்பது அவர்கள் கணக்கு. சரியோ தப்போ, அதனால் இதுவரை ஒரு கேடும் வந்ததில்லை. அளத்து என்ஜின் சிமெண்டுத் திட்டில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து இறுக்கினாலும் அங்கேயேதான் இருக்கும்.

ஜெயா குட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டாள்.

"ஆயில் மாத்தியாச்சாம்மா?" என்று கேட்டாள் அருள்மொழி. இதோடு பத்து தடவை கேட்டிருப்பாள்.

"மாத்தியாச்சு, மாத்தியாச்சு. தொணதொணக்காத."

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள்ளிருந்து அளத்து மேஸ்திரி சுப்ராயன் கத்தினார்.

"ஏம்மா ஜெயா! பெல்ட்டு கழண்டுக்கிச்சு, ஓடியா!"

ஸ்பேனர் கையில் இருந்தது. அதோடுதான் உள்ளே ஓடினாள். பெல்ட்டை மாட்டி, என்ஜினை மறுபடி ஓடவிட்டு வெளியே வந்தால் வாசல் காலியாக இருந்தது.

தட்டு இருந்தது, துணி இருந்தது, வண்டி இல்லை. அருள்மொழியும் இல்லை.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் தரையைப் பார்த்தாள். வெள்ளை வரப்பில் சொட்டுச் சொட்டாக ஆயில். அவள் ஊற்றிய புது ஆயில். அது போன திசையில் கால்வாய் இருந்தது.

"அடிப்பாவி" என்றாள், தன்னைத்தான். முன்பிரேக் இல்லை. பின்பிரேக் தட்டு என்ஜினுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஒழுகுகிற ஆயில் அத்தனையும் அதன் மேல்தான் தெறிக்கும். ஆயில் பட்ட பிரேக் எங்கே பிடிக்கும்?

ஓடினாள். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெயிலுக்குக் கண்ணைக் கூசவைத்தது. உள்ளங்காலை உப்பு அறுத்தது. "அருளு! ஏய் அருளு! நில்லுடி! எங்கடி போய்த் தொலைஞ்ச!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள். சொட்டுகள் நெருங்கி நெருங்கிக் கோடாகிவிட்டன. ஒரு வளைவில் நட்டே கிடந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அதைத் தாண்டி ஆயில் பட்டையாகக் கொட்டியிருந்தது, அப்புறம் மெலிந்து, நின்றே போனது.

கால்வாய்க் கரையில் உப்பு அம்பாரங்கள் கீற்று மூடி வரிசையாக நின்றன. அவற்றுக்கு அந்தப் பக்கம், கரைச் சரிவில், வண்டி தலைகீழாகத் தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு மிதந்தது.

"அருளூ!"

புடவையோடு குதித்தாள். தண்ணீர் மார்புக்கு வந்தது. அடியில் சேறு காலைக் கவ்வியது. வண்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். சேறு, வேர், யாரோ எறிந்த சாக்கு. சாக்கைப் பாவாடை என்று நினைத்து இழுத்தபோது அவளுக்கு உயிரே நின்றுவிட்டது. மூழ்கினாள், எழுந்தாள், மறுபடி மூழ்கினாள். "வாடி வெளிய! வாடின்னா!" என்று தண்ணீரை அறைந்து அறைந்து அதட்டினாள். ஒன்றும் வரவில்லை.

அதற்கு மேல் அவளிடம் கோபம் இல்லை. குரல் உடைந்து, நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எம்மா... எந்தாயே... வந்துடும்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

"அம்மா."

கரையில், அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து அருள்மொழி எட்டிப் பார்த்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது, கன்னத்தில் சேறு. அவ்வளவுதான்.

"நான் ஒடைக்கலம்மா" என்றாள். "பிரேக்கு புடிக்கல. பயந்து குதிச்சிட்டேன். வண்டிதான் போயி வுழுந்துடுச்சு."

ஜெயா முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் கூப்டது காதுல வுழலியாடி?"

"வுழுந்துச்சு."

"அப்பறம் ஏண்டி வரல?"

"நீ கத்திக்கினே வந்தியே."

ஜெயா புல்லைப் பிடித்துக் கரையேறினாள். பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைக்க வேண்டும், அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு போனாள். அருள்மொழி கண்களை இறுக்க மூடி, தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ஓடி வந்த வழியெல்லாம் பட்ட பயத்தைவிட இது பெரிதாக இருந்தது ஜெயாவுக்கு.

"அடிக்க வரலம்மா. நட்ட இறுக்காம வுட்டது நான்தான். உம்மேல தப்பே இல்ல" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பிள்ளை நம்பவில்லை. கை இடுக்கு வழியாக அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வரப்பில் சுப்ராயன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவரைக் கண்டதும் அருள்மொழி எழுந்தாள். ஜெயாவைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லுங்க மாமா," என்றாள், "அடிக்க வாணாம்னு."