மூன்றாம் அறிவித்தல்

குடலிறக்க ஒப்பரேசன் முடிந்து சேர்ச் மூப்பர் நேசராஜாவைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டபோது, தாதி ஜெசிதா முகக்கவசத்துக்குள் சிரித்தாள். பதினொரு வருடமாகக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்த பழிவாங்கல். ஆளை இடுப்புக்குக் கீழே விறைக்கவைத்து, கட்டிலிலும் கிடத்தி ஒருவர் கொண்டுவந்து தருவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது அவளுடைய விவாக அறிவித்தலைச் சேர்ச்சில் மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கலியாணம். இரண்டாம் ஞாயிறு டெங்குக் காய்ச்சலோடு பாடற்குழுவில் நின்றவள், நடுங்கி நடுங்கி ஓர்கனுக்கு மேல் விழுந்தாள். பெட்டைக்கு வலிப்பு என்று அன்று பின்னேரமே நெல்லியடிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் சொன்னவர் இந்த மூப்பர்தான். மூன்றாம் அறிவித்தல் வாசிக்கப்படவில்லை. பிறகு வந்த சம்பந்தங்களும் அந்த ஒரு சொல்லோடு திரும்பிப் போயின. மாப்பிள்ளையை அவள் மன்னித்துவிட்டாள். பேஸ்புக்கில் அவன் வழுக்கையைக் கண்டதும் மன்னிப்பு தானாக வந்தது. மூப்பருக்கோ இன்றைக்கும் தலை நிறைய மயிர்.

இப்போது அந்தத் தலை ஆடியது. தோளும் தாடையும் ஆட, கட்டில் கம்பி கடகடத்தது.

"மிஸ், எனக்கென்ன இது? வலிப்போ?"

அவரே கேட்டுவிட்டார். "ஓம்" என்றால் போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். மருந்தையும் கொஞ்சம் தாமதிக்கலாம். நடுங்கினால் பெத்திடின் ஊசி என்று டாக்குத்தர் எழுதியிருந்தார். அது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது, எடுக்க இரண்டு தாதிமார் கையெழுத்து வேண்டும். தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பாத மற்றத் தாதி அருந்ததியை ஜெசிதா மெதுவாகக் கூப்பிட்டாள். அன்றைக்கென்று பார்த்து அருந்ததி ஓடிவந்தாள்.

அதற்குள் ஜெசிதாவின் கைகளும் கட்சி மாறி, ஒட்சிசன் வைத்து, சூடாக்கிய போர்வையால் அவரைக் கழுத்துவரை மூடியிருந்தன. ஒரு மனிதன் நடுங்குவதை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடத் துப்பில்லையே என்று தன்மேல் எரிச்சல்பட்டபடி பெத்திடினை மெல்ல மெல்ல ஏற்றினாள். சில நிமிடங்களில் கட்டில் அமைதியானது.

அவள் முகக்கவசத்தை இறக்கினாள்.

"நான் ஜெசிதா. ஓர்கனுக்கு மேலை விழுந்தனே, அந்த ஜெசிதா."

மூப்பரின் கண் வாசலைத் தேடியது. கால் விறைத்துக் கிடந்தது.

"உது வலிப்பில்லை அங்கிள். விறைப்பு ஊசி போட்டால் உடம்புச் சூடு இறங்கும், நடுங்கும். எனக்கு அண்டைக்குக் காய்ச்சல் நடுக்கம். ரெண்டு பேருக்கும் வலிப்பில்லை. சொல்லுங்கோ பாப்பம்."

அவர் போர்வையைப் பார்த்துச் சொன்னார்.

"ஜெசிதாவுக்கும் வலிப்பில்லை."

"ஒண்டு," என்றாள் அருந்ததி, மருந்துக் கொப்பியும் கையுமாக.

இரண்டாம் முறை சொல்லும்போதே அவருக்குக் கண் சொருகியது.

"மூண்டாவதைச் சேர்ச்சிலை எழும்பி நிண்டு சொல்லுங்கோ. நான் முதல் வரிசை வாங்கிலை இருப்பன்."

அவர் தலையாட்டினார். அருந்ததி அதற்கும் சாட்சி.

ஜெசிதா போர்வையை இன்னொருமுறை இழுத்துவிட்டு, அவர் பிரஷரை மறுபடி அளந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அளந்தாள். இந்த மனிசன் சுகமாக எழும்பிச் சேர்ச்சுக்கு வந்தாக வேண்டும்.