சாம்பலானவன் மேல் வீசிய சாயம்

மில் முதலாளி கண் திறந்து பார்த்ததில் சாயக்காரன் எரிந்து சாம்பலானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே கால் மணிக்கு. மனைவி இறந்ததிலிருந்து ஏழு வருஷமாக முதலாளி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு வருஷமும் ஊரில் ஒரு மரம் பூக்கவில்லை, ஒரு கல்யாணம் நடக்கவில்லை. பொறுக்கமுடியாத ஊர்ப் பெரியவர்கள், யாரையும் சிரிக்கவைத்துவிடும் சாயக்காரனை உசுப்பேற்றி அனுப்பினார்கள். அவன் துணியில் ஐந்து பூ செய்து, ஐந்து நிறம் ஏற்றி, முதலாளியின் மூக்கருகே நீட்டினான். அவ்வளவுதான். அன்று மத்தியானமே மரமெல்லாம் பூத்தது. அனுப்பியவர்கள் மட்டும் அவன் எரிந்ததைப்பற்றி மூச்சு விடவில்லை.

அவன் மனைவி சாயக்காரி நேரே முதலாளியிடம் போய் நின்றாள். அவர் தலைகுனிந்து, அவன் உயிரைத் திருப்பித் தந்துவிட்டேன், உடம்பு என் கையில் இல்லை, இனி உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்றார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாதுங்க. அனுப்புன ஊருக்கும் தெரியணும்."

மறுவாரம் பெரியவர்கள் புடைசூழப் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா இறப்புக் காகிதத்தோடு வந்தார். புருஷன் இறந்தான் என்று அவள் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும். போடாவிட்டால் அவர்களுடைய சாயப்பட்டறைக்குப் பூட்டு.

"செத்தவரா இன்னிக்குக் காலையில காப்பியில சக்கரை பத்தலேன்னு சொன்னாரு?"

"யார் கண்ணுக்கும் தெரியலையேம்மா!"

"அது உங்க கண்ணோட கோளாறு."

அவள் பட்டறைக்குள் போய்ச் சாயப்பொடிச் சட்டிகளைத் தூக்கிவந்து வாசலில் வீசினாள். சிவப்பில் ஒரு தோள் தெரிந்தது, மஞ்சளில் மூக்கு, பச்சையில் அந்தப் பழைய இளிப்பு. பாதிப் பொடி பெரியவர்களின் வெள்ளைச் சட்டைகளில் விழுந்தது. குறி தவறிவிட்டதாக அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை. குமாஸ்தா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

குளித்ததும் அவன் மறுபடி காணாமல்போனான். அதனால் மரம் பூக்கும்போதெல்லாம் அவள் பொடி வீசினாள். பிறகு ஊரும் வீசியது. போகப்போக ஊரார் இதைச் சிவன் மன்மதனை எரித்த கதையாக்கி, அவளுக்கு ரதி என்று பெயர் வைத்தார்கள். தான் அழுது கெஞ்சியதாகச் சொல்வதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெஞ்சவே இல்லை என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாள்.

அவன் எங்கே நிற்பான் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோர் மேலும் வீசுகிறார்கள். நிறம் பூசிய தலைகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கும். யார் என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்கும் சேர்த்தே சோப்பு வாங்கிவைக்கிறார்கள்.