டிவி லைசென்ஸ் கேட்டவன்

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் வீட்டில், அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு சாந்தாமணி மதிய சீரியலில் மூழ்கியிருந்தபோது போன் அடித்தது. டிவி லைசென்ஸ் துறையிலிருந்து பேசுவதாக ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான். இந்தியச் சேனல் பெட்டி வைத்துக்கொண்டு இத்தனை நாளாக லைசென்ஸ் பணம் கட்டவில்லையாம். இன்றே கட்டாவிட்டால் கிரீன் கார்டு கிடைக்காதாம்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். சாந்தாமணியும் கணவன் செழியனும் லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே டிவி பார்க்க வருடா வருடம் லைசென்ஸ் கட்டவேண்டும். இங்கே வந்து ஒரு காசும் கட்டவில்லையே என்று அவளுக்குப் பகீரென்றது. போதாததற்கு அந்தப் பெட்டி வேறு. சந்தா இல்லாமலே எல்லாத் தமிழ்ச் சேனலும் கொட்டும் திருட்டுப் பெட்டி. அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் குக்கர் இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். அவன் குருட்டாம்போக்கில் கல்லை எறிந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. சொன்னபடியே கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து கிஃப்ட் கார்டு வாங்கி, அதன் ரகசிய எண்களைப் போனில் அவனுக்கு வாசித்துவிட்டு வந்தாள்.

மாலையில் செழியன் தலையில் அடித்துக்கொண்டான். இந்த நாட்டில் டிவிக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. போலீசில் சொல்லலாம் என்றாள் சாந்தாமணி.

“போலீஸ் வந்து பொட்டியப் பாத்தா என்ன சொல்லுவே? கிரீன் கார்டு வர்ற நேரம், சாந்தா. வெளிய மூச்சு விடாதே.”

சில நாளில் அந்த வட்டாரத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் பிரீத்தி கேட்டிருந்தாள்: டிவி லைசென்ஸ் ஃபீ யாராவது பே பண்ணியிருக்கிறீர்களா? அடுத்த தெருப் பெண், நிறைமாத கர்ப்பிணி. எல்லார் வீட்டிலும் அந்தத் திருட்டுப் பெட்டி இருந்ததால் யாரும் பதில் போடவில்லை. சாந்தாமணி “கட்டாதே” என்று அடித்தாள். கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அனுப்பாமலே அழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரீத்தி ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு அம்மாவை வரவழைக்க வைத்திருந்த டிக்கெட் பணம் அப்படியே போயிருந்தது.

“குரூப்ல கேட்டேன் அக்கா. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல. அப்போ எல்லாரும் பே பண்றாங்க போலன்னு நெனச்சுட்டேன்.”

சாந்தாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாய் விமானம் ஏறியிருப்பாள். இனி என்ன சொல்லி என்ன, போன பணம் திரும்பவா போகிறது? ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து, டிவிக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது, நானும் பணம் கட்டி ஏமாந்தேன், யாரும் கட்டாதீர்கள் என்று தன் பெயரிலேயே குழுவில் போட்டாள்.

குழுவில் அதைப் பார்த்த செழியன் பதறிப்போய் அவளிடம் வந்து அழிக்கச் சொன்னான். அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

“பெட்டிய நாளைக்கே தூக்கிப் போட்டுரலாமுங்க. இத மட்டும் அழிக்க மாட்டேன். ஏமாந்தவங்க வெக்கப்பட்டு வாய மூடிட்டா, திருடனுக்கு நாமளே அடுத்த வீட்டுக் கதவத் தொறந்து விட்ட மாதிரிங்க.”