தப்பான பக்கம்

நோரீன் ஹாடோ இருபத்திரண்டு வருடம் குழந்தைகளின் முகத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தியவள். எங்கள் பள்ளியில் இது அதிசயமில்லை. எங்கள் மாணவர்கள் எல்லாம் மாட்டுப் பண்ணைகளில் வளர்ந்தவர்கள். மிக அருகில் இருந்த பண்ணைக்கே டவுனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் ஆகும். புத்தகங்கள் வாரம் ஒருமுறை தபால் விமானத்தில் போகும், பாடம் ரேடியோவில் போகும். நாங்கள் ஒரு சின்ன அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் தங்கள் வீட்டில் ரேடியோ பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொன்னால்தான் அடுத்தவர் வாய் திறக்கலாம்.

என் பெயர் டாட். நான் அடுத்த அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அது வழியாக நோரீனைப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பாள். ரேடியோ இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் குரலைப் பிடிக்க அதுதான் வழி என்பாள். ஒரு குழந்தை காலை வணக்கம் சொல்வதை வைத்தே அதற்குக் காய்ச்சலா, வீட்டில் திட்டு வாங்கியதா, பாடம் படித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. எங்களுக்கும் அவளைப் பற்றி அந்தப் பெருமை இருந்தது.

சாட்டிலைட் வந்த வருடம் அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு டிஷ்ஷும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்தார்கள். எங்கள் அறைகளில் ரேடியோவை எடுத்துவிட்டு ஒரு கேமராவும் இரண்டு ஸ்கிரீனும் வைத்தார்கள். கூடவே இங்கேயும் பண்ணைகளிலும் ஒரு பலகை; அதில் பேனாவால் எழுதினால் எழுத்து எல்லாருடைய ஸ்கிரீனிலும் தெரியும். வாரிக் என்று ஒரு டெக்னீஷியன் வந்து எங்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தான். இரண்டாம் நாளே நோரீன் என் அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"டாட், நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"என்னத்த எழுதிக் குடுக்கப் போற?"

"ராஜினாமாதான். தெனம் காலைல இந்தச் சனியன் மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

"இன்னும் மூணு வருஷந்தானே இருக்கு. பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடு."

"பாதிப் பல்லு போயாச்சு, எதக் கடிக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ராஜினாமா எழுதவில்லை. கற்றுக்கொள்ளவும் இல்லை. பயிற்சி நேரம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் பாடத்தை மைக்கைத் திறக்காமல் பதினெட்டு நிமிடம் நடத்தினாள். ஸ்கிரீனில் பன்னிரண்டு சின்னச் சின்னக் கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள். எல்லாக் குழந்தைகளும் கையை ஆட்டினார்கள், காதைத் தொட்டுக் காட்டினார்கள். வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து இவளும் சிரித்தபடி கையாட்டினாள். அப்புறம்தான் வாரிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"நோரீன், பிரமாதமா நடத்துறீங்க. யாருக்கும் கேக்கல, அவ்வளவுதான்."

"கேக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே அவங்க?"

"சொன்னாங்க. நீங்க டாட்டா காட்டிட்டீங்க."

அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு வரவில்லை.

அவளுடைய வகுப்பில் டெல்லா குவில்ட்டி என்று ஒரு பெண். ஒன்பது வயது. வடக்கே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் கார்லூ பண்ணை. அந்த வகுப்பில் மட்டுமல்ல, பள்ளியிலேயே நன்றாக வாசிக்கும் குழந்தை அவள்தான் என்று நோரீன் சொல்வாள். ரேடியோ காலத்தில் டெல்லா வாசிக்கும்போது நோரீன் தன் அறைக் கதவைத் திறந்து வைப்பாள், எனக்கும் கேட்கட்டும் என்று. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. நானும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

ஸ்கிரீனில் பாடம் தொடங்கிய மூன்றாவது வாரம் நடந்தது இது. அன்றைய பாடம், வற்றிப்போன ஏரியில் தங்கிவிட்ட ஒரு கூழைக்கடாவின் கதை. புத்தகம் முந்தின வாரமே விமானத்தில் போய்விட்டது. ஆனால் இனிமேல் பக்கத்தை ஸ்கிரீனில் போட்டு அதைப் பார்த்துத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. நோரீன் வரிசையில் இருந்த படங்களில் ஒன்றை அழுத்தினாள். பக்கம் விரிந்தது. என்ன பக்கம் என்று பார்க்கவில்லை. "டெல்லா, நீ ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டாள்.

டெல்லா வாசித்தாள். கூழைக்கடா வானத்தைப் பார்த்தது, சேற்றைப் பார்த்தது, மறுபடி வானத்தைப் பார்த்தது. அந்த இடத்தில் சரியாக ஒரு மூச்சு நிறுத்தினாள்.

வேறொரு குழந்தையின் குரல் குறுக்கே வந்தது. "மிஸ், இதுல கூழைக்கடாவே இல்ல. கலங்கரை விளக்கம்தான் இருக்கு."

நோரீன் கண்ணைத் திறந்தாள். ஸ்கிரீனில் அடுத்த பருவத்துப் புத்தகத்தின் பக்கம் விரிந்திருந்தது. டெல்லா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முகம் கட்டத்துக்குள் அப்படியே இருந்தது. ஒருவேளை வீட்டில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து வாசித்திருப்பாளோ என்றுதான் நோரீன் முதலில் நினைத்தாளாம். ஆனால் டெல்லாவின் இரண்டு கையும் தாடைக்குக் கீழே இருந்தன. அவளுக்கு முன்னால் புத்தகம் இல்லை. இவ்வளவு நேரமும் அந்தக் கண்கள் கலங்கரை விளக்கத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"தப்பு என்னோடதுதான். வேற பக்கத்தப் போட்டுட்டேன்" என்றாள் நோரீன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "பரவால்ல டெல்லா, இதையே வாசி. மொத வரி மட்டும் போதும்."



"மிஸ், ஜெனரேட்டர் நிக்கப்போகுது" என்றாள் டெல்லா. அவளுடைய கட்டம் கறுப்பானது.

கார்லூவில் ஜெனரேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வகுப்பு முடிந்ததும் நோரீன் அங்கே போன் செய்தாள். மூன்றாவது தடவைதான் டெல்லாவின் அம்மா ரோஸ்லின் எடுத்தாள். மாட்டுப் பட்டியிலிருந்து ஓடி வந்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. நோரீன் என்னை அருகில் உட்காரச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்திருக்கலாம்.

"ரோஸ்லின், டெல்லாவுக்கு வாசிக்க வராதா?"



"வராது."

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா. புத்தகம் வந்ததும் நான்தான் ரெண்டு தடவ படிச்சுக் காட்டுவேன். மூணாவது தடவ அவளே சொல்லிடுவா. ஒரு எழுத்து பிசகாது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? டவுன்ல ஹாஸ்டல்ல போடுன்னு சொல்லியிருப்பீங்க. ஒம்பது வயசுப் புள்ளய நான் அனுப்ப மாட்டேன்." ரோஸ்லின் குரல் உயரவில்லை. "அதுவும் இல்லாம, ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் 'வாசிப்பு மிக அருமை'ன்னு நீங்கதான் எழுதி அனுப்புனீங்க. டீச்சருக்கே அப்படித் தெரியும்போது, எனக்குத்தான் என்னமோ தப்பாப் படுதோன்னுகூட சில நாள் நெனச்சேன்."

 "நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நோரீன் போனை வைத்தாள்.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அதுவரை தங்கியிருந்த வாரிக், கிளம்புவதற்காக வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். நோரீன் நேராக அவனிடம் போனாள்.

"வாரிக், என் ரூம்ல இருக்கிற அந்த ஸ்கிரீன்ல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் மறுபடி சொல்லிக் குடு."

"ரெண்டு வாரம் அதத்தான் சொன்னேன். நீங்க தண்ணித் தொட்டியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அதுல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. எறக்கு அந்தப் பெட்டிய."

அவன் ஒரு நாள் தள்ளிக் கிளம்பினான். நோரீன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் தன் மொழியில் எழுதிக்கொண்டாள். 'பச்சையாக இருந்தால் என் வாய் திறந்திருக்கிறது. சிவப்பாக இருந்தால் நான் ஊமை.' 'திரைச்சீலை மாதிரி ஒன்று இருக்கிறது. அதை இழுத்தால் ஒரு வரியை மட்டும் காட்டலாம்.' 'வாசிக்கச் சொல்வதற்கு முன் எந்தப் பக்கம் என்று பார்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

மறுவாரத்திலிருந்து தினமும் காலை ஏழேகாலுக்கு டெல்லாவுக்குத் தனி வகுப்பு. மற்றவர்களுக்கு எட்டரைக்குத்தான். ரோஸ்லின் ஒப்புக்கொண்டாள். டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. கேமராவை மேல்நோக்கித் திருப்பி வைத்துவிட்டாள். முதல் எட்டு நாள் நோரீன் ஒரு சீலிங் ஃபேனுக்குத்தான் பாடம் நடத்தினாள். தன் கேமராவை வாய்க்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒலிக்கும் உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே படுகிறது என்று காட்டுவாள். பிறகு பலகையில் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதுவாள். அந்தப் பேனா அவளுக்குக் கடைசி வரை சரியாகப் பிடிபடவில்லை. கை ஒரு இடத்தில் இருக்கும், கோடு இன்னொரு இடத்தில் விழும்.

ஒன்பதாம் நாள் ஃபேனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், அது என்ன எழுத்து? தேள் மாதிரி இருக்கு."

"நான் எழுதினா அப்படித்தான் வருது. இந்தப் பேனாவ இப்பதானே கத்துக்கிறேன்."

"அழிச்சிட்டு மறுபடி எழுதுங்க."

எழுதினாள். இன்னும் மோசமாக வந்தது. ஃபேன் மறைந்து டெல்லாவின் நெற்றி தெரிந்தது, பிறகு கண்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதிக் காட்டவா?" என்று கேட்டு, தன் பக்கத்துப் பலகையில் எழுதினாள். அதுவும் தேள் மாதிரிதான் வந்தது, அதுவும் திரும்பிப் படுத்த தேள். ஆனால் எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல முடியாது. இங்கிருந்து பேசினால் அங்கே போய்ச் சேர ஒரு நொடி ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். மழைக்காலத்தில் மேகம் கட்டினால் சிக்னல் போய்விடும். மேய்ச்சல் காட்டிலிருந்து மாடுகளைத் திரட்டிக் கொண்டுவரும் வாரத்தில் டெல்லா வரவே மாட்டாள். கடற்கரை நகரத்திலிருந்து ஒரு நிபுணர் அதே ஸ்கிரீன் வழியாக அவளைப் பரிசோதித்தார். அறிவில் குறை ஒன்றும் இல்லை, எழுத்தும் ஒலியும் அவளுக்குச் சேர மறுக்கின்றன, வருடக் கணக்கில் ஆகும், ஹாஸ்டலுக்கு அனுப்பத் தேவையில்லை என்றார். அந்தக் கடைசிச் செய்தியை நோரீன்தான் ரோஸ்லினிடம் முதலில் சொன்னாள்.

இதற்கு நடுவில் நோரீன் இன்னொன்றும் செய்தாள். வகுப்பில் மீதி இருந்த பதினொரு பேரையும் தனித்தனியாக அழைத்து, அவர்கள் பார்த்தே இராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். இன்னும் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டது. அந்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை எல்லாரிடமும் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இருபத்திரண்டு வருஷத்துல இப்படி எத்தன புள்ளைங்கள விட்டிருப்பேன்னு தெரியல. தெரிஞ்சுக்க வழியும் இல்ல."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கோபப்பட்டிருப்பாள். நான் என் அறைக்குப் போய் என் மாணவர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் கணக்குப் பாடத்தில் எல்லாருடைய கேமராவையும் அவர்கள் கையைப் பார்க்கும்படி திருப்பச் சொன்னேன். மூன்று வீட்டில் அம்மாவின் விரல்தான் விடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் வருடக் கடைசி வகுப்பில், எல்லாருக்கும் முன்னால் வாசிக்கிறேன் என்று டெல்லாவே கேட்டாள். அன்று காலை வந்த ஒரு புதுப் பக்கம். நான்கு வரி. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக உடைத்து, ஒட்ட வைத்து, அடுத்ததற்குப் போனாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு சொல்லில் நின்று, "இது தெரியல மிஸ்" என்றாள். நோரீன் சொல்லிக்கொடுத்தாள். மற்ற பதினொரு பேரும் காத்திருந்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

முடிந்ததும் நோரீன் என் அறைக்கு வந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"முன்ன வாசிச்சப்ப எவ்வளவு நல்லா இருக்கும். அந்தக் குரல் இப்ப இல்ல."

"திரும்ப வரும்."

"வராது, டாட். அது மனப்பாடம் பண்ணின புள்ளயோட குரல். இது வேற." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வருத்தமாத்தான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

அவள் அறுபதில் ஓய்வு பெறவில்லை. அறுபத்து மூன்று வரை இருந்தாள். புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு அந்த ஸ்கிரீனைப் பழக்கியது அவள்தான், வாரிக் இல்லை. டெல்லா பதின்மூன்று வயதில் ஹாஸ்டலுக்குப் போனாள், தானாகக் கேட்டு. இப்போது கார்லூவைப் பாதிக்கு மேல் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாளாம். மாட்டு மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருப்பதை முழுதாக வாசித்து முடிக்காமல் ஊசி எடுக்க மாட்டாள் என்றும், வேலையாட்கள் அதற்குள் ஒரு சிகரெட் பிடித்து முடித்துவிடுகிறார்கள் என்றும் ரோஸ்லின் போன வருடம் எனக்கு எழுதியிருந்தாள்.