தொண்ணூற்றிரண்டு மார்க் தூக்கம்

பெருமக்கள் அவரவர் வேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்கவும்: ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, தூக்கமின்மையை வென்றுவிட்டார். வாய்ச்சொல் அல்ல, கைப்பேசியே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

மனைவி இறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. இது குடும்பத்துக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கடைசி இரவில் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் காவலிருந்தவர், குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். விடிந்து நர்ஸ் தோளைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கூப்பிட்டாளா? அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை.

மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். முன்பின் தெரியாத பொம்பளையிடம் உட்கார்ந்து படுக்கையறைக் கதை பேசுவதா என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். எப்போதிலிருந்து தூக்கமில்லை என்று ஆலோசகர் கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள். ஆலோசகர் பேனாவை மூடிவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார்.

“அன்னைக்கு ராத்திரி நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“பக்கத்துலதான்.”

“அடுத்த தடவை தனியா வாங்க. பேசுவோம்.”

இந்தம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. முதல் சந்திப்புக்குப் பிறகு ஆறு வாரம் கைப்பேசிச் செயலி. அதில் தேறாதவர்களுக்குத்தான் மறுபடி ஆலோசகர்.

ஆக, தேறாமல் போக வேண்டும். வேறு வேலையே இல்லை. முப்பத்துநான்கு வருடம் ஊர் ஊராகப் போய் அடுத்தவரைத் தேறாதவராக்கியவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முதல் வாரம் படுத்த நேரம், விழித்த நேரம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி குறித்தார். செயலி முப்பத்தொன்று போட்டு, பக்கத்தில் ஓர் அழுமூஞ்சி நிலாவையும் வைத்தது.

“என்னப்பா, ஃபெயிலா?” என்று மகள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஆய்வுக்கு முந்தின நாள் ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டை ஒரே மூச்சில் எழுதி முடிப்பதை அவர் எத்தனையோ முறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு நாள் தூக்கத்தையும் அதே மூச்சில் எழுதி முடித்தார். நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்று வியாழக்கிழமையில் மட்டும் இருபது நிமிடம் குறைத்துக்கொண்டார்.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்பது. மகள் குடும்பக் குழுவில் மார்க்கைப் போட்டாள். மச்சினர் போன் செய்து ரகசியம் கேட்டார். எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டே இவர் அரைமணி நேரம் பாடம் நடத்தினார்.

ஆறாம் வாரம் சான்றிதழ் வந்தது. சிகிச்சை நிறைவு, ஆலோசகரின் நேரம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது.

மறுநாள் தனியாகக் கிளம்பிப் போனார். பதிவு ஜன்னலில் இருந்த பெண் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

“தொண்ணூத்திரெண்டு எடுத்துட்டு டாக்டரம்மா எதுக்கு சார்? பின்னாடி பாருங்க, எல்லாரும் ஃபெயிலானவங்க.”

பெஞ்சில் ஏழெட்டுக் கிழவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நானே எழுதியது என்ற வார்த்தை அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அடுத்தவரைக் கூப்பிட ஆலோசகர் கதவைத் திறந்தார். இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“நல்லா தூங்குறீங்களாமே சார்?”

பெஞ்சு முழுக்க அவரை நிமிர்ந்து பார்த்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“ஆமாம்மா.”

போகிற போக்கில் இரண்டு பேருக்கு யோசனையும் சொல்லிவிட்டு வந்தார். சான்றிதழை மகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

அவர் கடைசியாகத் தூங்கியது அந்த நாற்காலியில்தான்.