இப்படி ஒரு அக்கா இருக்க முடியுமா?

அரசுப் பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூன்றே பேர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஓவிய மாஸ்டர், நூலகர். எழுதியவர் பெயர் தெரியாதபடி ஒவ்வொரு புத்தகத்திலும் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். இருவர் கை தூக்கினால் புத்தகம் தேறும். எழுதியவர் யாரென்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட வேண்டும். மிச்சமுள்ள இருவரும் ஒத்துப்போனால்தான் ஆயிற்று.

வந்தவற்றில் முக்கால்வாசி, பிள்ளைகளைத் திருத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எழுதப்பட்டவை. நூலகர் கொட்டாவியை மென்று விழுங்கியபடி படித்துக்கொண்டு போனாள். எண்பதாவது புத்தகத்தில்தான் மாட்டினாள்.

அதில் ஒரு அக்கா. வீட்டுச் செருப்புகளுக்கெல்லாம் எண் போடுகிறாள். தங்கை குடையை எடுத்தால் திருப்பித் தரும் தேதி எழுதிக் கையெழுத்து வாங்குகிறாள். விருந்தாளிகளை உயர வரிசையில் உட்கார வைத்துத்தான் பரிமாறுகிறாள். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தைப் புரட்டினால் அந்த அக்கா, "எடுத்த பொருள் எடுத்த இடத்துல இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராதுடி" என்கிறாள். சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. தினமும் வீட்டில் நூலகரே சொல்வதல்லவா அது!

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வருஷமாக "சும்மா ஏதோ எழுதறேன்க்கா" என்று மழுப்பிய தங்கை எழுதியது இதைத்தானா? நூலகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளை ஊர் சிரிக்க வைக்க எப்படி மனசு வந்தது? ஒன்றாம் வகுப்பு வாண்டுகூடச் சிரிக்குமே. கையைத் தூக்காமல் இருந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள்.

கூட்டத்தில் ஓவிய மாஸ்டர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். "வயிறு வலிக்கச் சிரிச்சேன் சார்."

தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "நம்பற மாதிரி இருக்கணுமே மாஸ்டர். இப்படி ஒரு அக்கா இருக்க முடியுமா? இல்லாத ஆளைக் காட்டிப் பிள்ளைங்களை ஏமாத்தக் கூடாது. எனக்கு வேணாம். நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

'ஆமாம்' என்று தலையை ஆட்டினால் போதும், கதை முடிந்தது. ஆனால் நூலகருக்குச் சுருக்கென்றது. தங்கை பொய்க்காரியா? ஒரு வரிகூட அவள் கூட்டி எழுதவில்லை. சொல்லப்போனால் பாதியை விட்டுவிட்டாள். அதோடு, யாரென்று தெரிவதற்கு முன்னால் இவளுக்கே அந்த அக்காவைப் பிடித்துப்போயிருந்தது. கையைத் தூக்கினாலும் தேறிவிடும்தான். ஆனால் அது கள்ள ஓட்டு.

"இருக்காங்க சார். நான்தான்."

ஓவிய மாஸ்டருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. நூலகர் குனிந்து செருப்பைக் கழற்றினாள். தலைமையாசிரியர் பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவள் செருப்பைத் திருப்பிக் காட்டினாள். அடியில் அழகாக '7' என்றிருந்தது.

"எழுதினது என் தங்கச்சி. அதனால இனி எனக்கு ஓட்டு கிடையாது. ஆனா அவ பொய் எழுதலை."

தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தேறக் கூடாது என்று வந்தவள், கடவுளே தேற வேண்டுமே என்று தவித்தாள். இனி எல்லாம் தலைமையாசிரியர் கையில். உள்ளே பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு இருமல், இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு பெரிய சிரிப்பு. தன்னை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"தேறிடுச்சு மேடம். எல்லாப் பள்ளிக்கும் போகுது. பாவம் அந்தப் பொண்ணு, வீட்டுக்குப் போய் அவளை என்ன பண்ணப் போறீங்க?"

"முதல்ல நல்லா திட்டுவேன் சார். அப்புறம் கட்டிப்பிடிச்சு அழுவேன்" என்றாள் நூலகர். "எதுவும் வரிசைப்படி நடக்கணும் இல்லையா?"